கல்லூரியில் காது கேளாமை: யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

கேள்வி: நான் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதுக்கருவி போட்டிருக்கிறேன். பள்ளியில் வகுப்பு சிறியது, ஆசிரியர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும், பெரிதாகக் கஷ்டம் இருந்ததில்லை. இங்கே எண்பது பேர் உட்காரும் ஹால். சார் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் ஒன்றும் புரிவதில்லை. போன செமஸ்டர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வியைத் தப்பாகக் காதில் வாங்கி வேறு எதற்கோ பதில் சொன்னேன், மதிப்பெண் போய்விட்டது. ஸ்லைடுகளை முன்கூட்டியே தர முடியுமா என்று ஒரு ஆசிரியரிடம் கேட்டேன். “உனக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பாங்க, மத்தவங்களுக்கு அது அநியாயம் இல்லையா?” என்றார். அட்மிஷன் படிவத்தில் மாற்றுத்திறன் பற்றிய கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தேன். வெளியே சொன்னால் வேலை கிடைக்காது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சுத்தமாகக் காது கேட்காதவர்களுக்குத்தானே இந்த உதவியெல்லாம்? நான் எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இனிமேல் கேட்டால் தாமதமா?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாமதம் இல்லை. படிப்பு முடியும்வரை எந்த செமஸ்டரிலும் கேட்கலாம். அட்மிஷன் படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதால் உங்கள் உரிமை எதுவும் போய்விடாது. ஆனால் ஏற்பாடுகள் நீங்கள் கேட்ட நாளிலிருந்துதான் பொதுவாக நடைமுறைக்கு வரும். நடந்து முடிந்த தேர்வைப் பின்னோக்கித் திருத்தித் தருவது அரிது. போன வைவா மதிப்பெண்ணை மீட்கும் முயற்சியில் சக்தியைச் செலவழிக்காமல், அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் கோரிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது “சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்ற வரி. எங்கள் மாணவர் ஆதரவுப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேராவது இதே சொல்லோடுதான் உள்ளே வருகிறார்கள். நான் உடனே கேட்பது ஒன்றுதான்: எதைக் கொடுத்துச் சமாளிக்கிறீர்கள்? மாலையில் விடுதிக்கோ வீட்டுக்கோ போனதும் தலை வலிக்கிறதா? யாரிடமும் பேசப் பிடிக்காமல் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கத் தோன்றுகிறதா? வகுப்பில் கிடைக்காததை இரவில் புத்தகத்தில் தேடி, மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை மூன்று மணி நேரம் படிக்கிறீர்களா? ஹாலில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் நீங்களும் சிரிக்கிறீர்களா? இவையெல்லாம் உண்மையென்றால், உதவி தேவையில்லை என்று சொல்ல முடியாது. தேவையானதை உங்கள் தூக்கத்திலிருந்தும் தெம்பிலிருந்தும் எடுத்து நீங்களே ஈடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அரைகுறையாக வந்து சேரும் பேச்சை ஊகத்தால் நிரப்பி நிரப்பிக் கேட்பதால் வரும் இந்தக் களைப்பு கற்பனை இல்லை. செவித்திறன் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. செவித்திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் சொன்னால் ஒரு கடிதமாகவே எழுதித் தருவார்.

பள்ளியில் ஓடிய வண்டி கல்லூரியில் ஏன் நின்றுவிட்டது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. ஆசிரியர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியது இதைத்தான். காதுக்கருவியை மூக்குக்கண்ணாடி மாதிரி நினைப்பவர்கள் நிறைய. போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். கருவி சத்தத்தைப் பெருக்கும். பேச்சோடு சேர்த்து மின்விசிறியையும், நாற்காலி இழுபடுவதையும், பக்கத்து வரிசைக் கிசுகிசுப்பையும் பெருக்கும். இன்றைய கருவிகள் இரைச்சலை ஓரளவு குறைத்துக் கொடுக்கின்றன, ஆனால் முழுவதும் பிரித்து எடுக்க முடிவதில்லை.

அடுத்தது தூரம். தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசினால் ஏறக்குறைய 60 டெசிபல். எட்டு மீட்டரில் அது 42க்கு வந்துவிடும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சேர்வதால் அளவு இவ்வளவு இறங்காது, ஆனால் அந்த எதிரொலியே சொற்களை ஒன்றோடொன்று கலக்கிவிடும். எண்பது பேர் உட்கார்ந்த ஹாலின் சலசலப்பு அந்த 42ஐத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. உங்கள் பள்ளி வகுப்பறையில் ஆசிரியர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்திருப்பார், உங்களைப் பார்த்தும் பேசியிருப்பார். இடம்தான் மாறியிருக்கிறது. உங்கள் காதோ கெட்டிக்காரத்தனமோ குறைந்துவிடவில்லை.

கேட்கும் திறன் குறைந்த பலருக்கு உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய மெய்யொலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. உயிரொலிகள் சத்தமாக வந்து சேரும், மெய்கள் வழியில் உதிரும். “பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல” என்று சொல்வார்களே, அது இதுதான். வேதியியலில் இது எப்படி விளையாடும் என்று பாருங்கள். சல்ஃபேட், சல்ஃபைட், சல்ஃபைடு. நைட்ரேட், நைட்ரைட், நைட்ரைடு. ஆங்கில உச்சரிப்பில் சல்ஃபைட்டையும் சல்ஃபைடையும் பிரிப்பது கடைசி மெய்யெழுத்து ஒன்றுதான். அந்த இரண்டு ஒலிக்கும் உதடும் நாக்கும் ஒரே மாதிரி அசையும், வேறுபாடு தொண்டைக்குள் எழும் அதிர்வில் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டையே பார்த்தாலும் கண்ணால் பிரிக்க முடியாது. தமிழிலும் இப்படித்தான்: பாடம், மாடம் என்று சத்தமில்லாமல் சொல்லிக் கண்ணாடியில் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆங்கில ஒலிகளில் 30 முதல் 40 சதவீதம்தான் உதட்டில் தெளிவாகத் தெரியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிச்சத்தைச் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். வைவாவிலோ சூழலே கிடையாது. தேர்வாளர் தடாலடியாக ஒரு கேள்வி கேட்பார், அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. உங்கள் விஷயத்தில் என்ன சொல் மாறியது என்று நீங்கள் எழுதவில்லை. எது மாறியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, என்ன கேட்பது?

முதலில், என்ன கேட்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சலுகை என்று ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, அதில் உள்ள எல்லாவற்றையும் கேட்காதீர்கள். எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர், தனி அறை என்பவை அந்தப் பட்டியலில் முதலில் வரும். பார்வைக் குறைபாடு, எழுதுவதில் சிரமம், கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு அவை உயிர்நாடி. உங்கள் தடையோ கேள்வித்தாளில் இல்லை, காற்றில் வருகிற பேச்சில் இருக்கிறது. எனவே பேச்சு வரும் வழியைத்தான் மாற்றக் கேட்க வேண்டும். வாசிப்பிலோ எழுத்திலோ உங்களுக்கு உண்மையாகவே சிரமம் இருந்தால் கூடுதல் நேரத்தையும் தாராளமாகக் கேளுங்கள், இல்லையென்றால் வேண்டாம். தேவைக்குப் பொருந்தாத ஒன்றைச் சேர்த்தால், பொருந்துகிற நான்கையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது வயர்லெஸ் மைக். ஆசிரியரின் சட்டைக் காலரிலோ புடவை மடிப்பிலோ குத்திக்கொள்கிற சின்னக் கருவி அது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பேச்சைப் பிடித்து நேராக உங்கள் காதுக்கருவிக்கு அனுப்பும். எட்டு மீட்டர் தூரம் ஒரு சாணாகிவிடுகிறது. ஆசிரியர் போர்டைப் பார்த்து நின்று பேசினாலும் குரல் வந்துவிடும். உங்கள் கருவியோடு எந்த மைக் இணையும், டெலிகாயில் (ஒலியைக் காந்தப்புலம் வழியாக வாங்கும் சிறு சுருள்) இருக்கிறதா, தனி ரிசீவர் வேண்டுமா என்பதையெல்லாம் ஆடியாலஜிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மைக் வந்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கும்: பின்வரிசை மாணவர் கேட்கும் கேள்வி அதில் விழாது. “மாணவர் கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்” என்பதைக் கோரிக்கையில் தனி வரியாகவே சேர்த்துவிடுங்கள். இது செலவே இல்லாத ஏற்பாடு, ஆனால் எழுதாவிட்டால் இரண்டாம் வாரத்தில் மறந்துபோகும்.

அப்புறம் குறிப்பெடுப்பது. குனிந்து எழுதினால் உதடு தெரியாது. உதட்டைப் பார்த்தால் எழுத முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே ஆசிரியரிடம் சொல்லுங்கள், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வகுப்பில் நன்றாக நோட்ஸ் எடுக்கும் ஒரு மாணவரிடமிருந்து பிரதி பெற்றுத்தர உங்கள் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு ஏற்பாடு செய்யும். யாருக்குப் போகிறது என்று அந்த மாணவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை, பிரிவு வழியாகவே கைமாறலாம். தோழியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வாங்கலாம்தான். ஆனால் அவள் விடுமுறை எடுக்கும் நாளில் உங்களுக்கும் வகுப்பு போகும், மனத்தாங்கல் வந்தால் செமஸ்டரே போகும். நட்பு நட்பாக இருக்கட்டும், நோட்ஸ் ஏற்பாடாக வரட்டும்.

ஸ்லைடுகளும் புதுச் சொற்களின் பட்டியலும் ஒருநாள் முன்பே கிடைத்தால் உங்கள் ஊகம் பாதிக்குமேல் சரியாகிவிடும். “இன்று சல்ஃபைடுகள்” என்று முன்பே தெரிந்தால், காதில் அரைகுறையாக விழும் சொல்லை மூளை சரியான இடத்தில் போய்ச் சேர்க்கும்.

வீடியோப் பாடங்கள் இருந்தால், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் கேளுங்கள். மென்பொருள் தானாகப் போடும் கேப்ஷன் சாதாரணப் பேச்சில் பரவாயில்லை. வேதிப்பெயர்களிலும் எண்களிலும் அது தடுக்கி விழும், தடுக்கியதை எந்தக் குறியும் காட்டாது. மனிதர் சரிபார்த்த கேப்ஷன் வேண்டும் என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும். ஹார்வர்டு, எம்ஐடி போன்ற பெரிய நிறுவனங்கள்கூட இந்த விஷயத்தில் வழக்கைச் சந்தித்தவைதான். இணையத்தில் வைத்த பாடங்களுக்கு முறையான கேப்ஷன் இல்லை என்று அமெரிக்காவின் தேசியக் காதுகேளாதோர் சங்கம் 2015இல் வழக்குப் போட்டது. ஹார்வர்டு 2019இலும் எம்ஐடி 2020இலும் சமரசத்துக்கு வந்து கேப்ஷன் தர ஒப்புக்கொண்டன. மாணவர் யாராவது வாய்திறந்து கேட்கும்வரை நிறுவனங்களுக்கு இது தோன்றுவதே இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வைவாவுக்கு வருவோம். அங்கே கேட்க வேண்டியது எளிமையானது: ஒவ்வொரு கேள்வியையும் வாயால் கேட்பதோடு ஒரு தாளிலோ திரையிலோ எழுதியும் காட்ட வேண்டும். தேர்வாளர் உங்களுக்கு நேரெதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும். அமைதியான அறை வேண்டும். “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்டால் மதிப்பெண் குறையக் கூடாது. இதற்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வு அறையிலும் ஒரு சின்ன ஆபத்து இருக்கிறது. “நான்காம் கேள்வியில் திருத்தம்” என்று கண்காணிப்பாளர் வாயால் அறிவிப்பார், உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகும். அறிவிப்புகளைப் போர்டில் எழுத வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேபைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் ஓடும்போது அந்த விசிறிச் சத்தத்தில் காதுக்கருவி கிட்டத்தட்ட பயனற்றுப் போகும். அதோடு முகக்கவசம் சேர்ந்தால் உதடும் போச்சு. பாதுகாப்பு விஷயத்தில் ஊகத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. செய்முறை வழிமுறைகள் முழுக்க எழுத்தில் வேண்டும், எச்சரிக்கைக்கு ஒளிரும் விளக்கு வேண்டும். விளக்கு பொருத்தும்வரை, அலாரம் அடித்தால் தோளைத் தொட்டுச் சொல்ல ஒரு லேப் துணை வேண்டும். இவற்றை உங்கள் பட்டியலில் முதலில் போடுங்கள். கைச்செலவைக் காட்டித் தயங்கும் நிர்வாகம்கூடப் பாதுகாப்பு என்றால் அசையும்.

இனி அந்த ஆசிரியர் சொன்ன “அநியாயம்”. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார், நேர்மையான ஆசிரியர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. அதற்கு விடை காண ஒரு கேள்வி போதும்: இந்தத் தேர்வு எதை அளக்கிறது? வேதியியல் வைவா வேதியியல் தெரியுமா என்று அளக்க வேண்டும். கேள்வி காதில் சரியாக விழாததால் மதிப்பெண் குறைந்தால், அது அளந்தது உங்கள் காதை. ஏற்பாடு என்பது அந்தத் தவறான அளவையை நீக்குவது. பாடத்திட்டம் குறையாது, கேள்வியின் கடினம் குறையாது, தேர்ச்சி மதிப்பெண் குறையாது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறது: படிப்புக்கு அடிப்படையான திறனின் அளவுகோலைத் தளர்த்தும் கடமை கல்லூரிக்கு இல்லை, அந்தத் திறனைச் சோதிக்கும் விதத்தை மாற்றும் கடமை உண்டு.

எல்லை எங்கே என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளைப் பார்க்கலாம். செவித்திறன் குறைந்த ஒருவர் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது கல்லூரி மறுத்தது. பயிற்சியின் தன்மையையே மாற்றும்படி கல்லூரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013இலோ, பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் வசதி கேட்ட மருத்துவ மாணவர் ஒருவரின் பக்கம் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. அவர் மருத்துவப் படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, விரிவுரை தன்னிடம் வந்து சேரும் வழியைத்தான் கேட்டார். உங்கள் கோரிக்கை முழுவதும் இந்த இரண்டாவது வகையில்தான் விழுகிறது.

அந்த ஆசிரியரிடம் திரும்பப் போனால் சண்டை வேண்டாம். “எல்லாரும் கேட்டால் எல்லாருக்குமே கொடுங்கள் சார், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஸ்லைடு எல்லோருக்கும் கிடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நீங்கள் அவரிடம் போகவே தேவையில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு ஆசிரியர் முன்னாலும் தனித்தனியாக நின்று விளக்குவது உங்களைத் தேய்த்துவிடும். ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுப்பார், இன்னொருவர் மறுப்பார், அடுத்த செமஸ்டரில் எல்லாம் முதலிலிருந்து. மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு, சம வாய்ப்புப் பிரிவு என்று ஏதாவது ஒரு பெயரில் கல்லூரியில் ஒரு அலுவலகம் இருக்கும். இல்லையென்றால் மாணவர் நலனுக்குப் பொறுப்பான பேராசிரியர் இருப்பார். அங்கே ஒருமுறை கொடுத்துவிட்டால், ஆசிரியர்களுக்குக் கடிதம் அங்கிருந்து போகும்.

எந்த உரிமையில் கேட்கிறீர்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், தயக்கம் அப்போதுதான் குறையும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24ஆவது பிரிவு உயர்கல்வியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பாகுபாடில்லாமல், நியாயமான ஏற்பாடுகளோடு அது கிடைக்க வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கையின் 2ஆவது பிரிவு, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவும், 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகின்றன.

“சுத்தமாகக் கேட்காதவர்களுக்குத்தானே” என்ற உங்கள் சந்தேகத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. இட ஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்குக் குறைபாடு இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு, இந்தியாவில் அது 40. ஏற்பாடுகள் வேறு கணக்கு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு எழுதுபவரை மறுத்த வழக்கில், அந்த 40 சதவீத வரம்பைக் காட்டி நியாயமான ஏற்பாட்டை மறுக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. உங்களைவிட அதிகம் கஷ்டப்படுபவர் ஒருவர் இருக்கிறார் என்பதால் உங்கள் கஷ்டம் இல்லாமல் போகாது. நீங்கள் கேட்பதால் அவருக்குக் கிடைப்பது குறையவும் செய்யாது. எனக்குத் தெரிந்தவரை நடப்பது இதற்கு நேர்மாறு: ஒரு ஹாலுக்கு ஒருமுறை மைக் வந்துவிட்டால், அடுத்து வருபவர் அதற்காகப் போராட வேண்டியிருக்காது.

கோரிக்கையோடு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, சமீபத்திய ஆடியோகிராம், அதாவது செவித்திறன் சோதனையின் வரைபடம். மற்றொன்று அதைவிட முக்கியம்: ஆடியாலஜிஸ்ட் எழுதித்தரும் கடிதம். வெறும் சதவீதமும் நோயின் பெயரும் இருந்தால் அலுவலகத்துக்கு ஒன்றும் விளங்காது. வகுப்பில் என்ன செய்ய முடிகிறது, எது முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். “அமைதியான அறையில், நேரெதிரே பேசினால் புரிந்துகொள்கிறார். இரைச்சலில், மூன்று மீட்டருக்கு அப்பால், முகம் தெரியாதபோது பேச்சைப் பிரித்தறிய முடிவதில்லை” என்ற மாதிரி. இதைப் படிக்கிற அலுவலர் அடுத்த வரியில் மைக் என்று தானே எழுதிவிடுவார்.

உங்கள் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தொடக்கம் இப்படி இருக்கலாம்: “எனக்கு இரு காதிலும் செவித்திறன் குறைவு. காதுக்கருவி பயன்படுத்துகிறேன். பெரிய ஹாலில் ஆசிரியர் போர்டைப் பார்த்துப் பேசும்போதும், மாணவர்கள் பின்னாலிருந்து கேள்வி கேட்கும்போதும், வைவாவிலும் பேச்சு எனக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. பாடத்தை மற்றவர்களுக்கு இணையாகப் பெறக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைக் கோருகிறேன்.” பிறகு ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். தாழ்மையாகக் கெஞ்சும் வாசகங்கள் வேண்டாம், கோபமும் வேண்டாம். நேரில் கொடுத்தாலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதியோடு ஒரு சாட்சி இருக்கும். வாயால் பேசி முடிவெடுத்தால் அன்று மாலையே “இன்று பேசியபடி” என்று தொடங்கி நாலு வரி அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: பேச்சில் ஏதாவது காதில் தப்பாக விழுந்திருந்தால் அவர்கள் திருத்திவிடுவார்கள்.

வீட்டில் இருக்கும் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அம்மா அப்பா உலகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அவர்களிடம் இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். கல்லூரி ஏற்பாட்டுக்காகக் கொடுக்கும் மருத்துவக் காகிதம் அந்த அலுவலகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் போக வேண்டியது “மைக் அணிய வேண்டும், கேள்வியை எழுதிக் காட்ட வேண்டும்” என்ற ஏற்பாடுகளின் பட்டியல் மட்டும்தான். இதைக் கொடுக்கும்போதே அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், மதிப்பெண் பட்டியலில் எந்தக் குறிப்பும் வராதுதானே என்பதையும் சேர்த்து. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்வதா வேண்டாமா என்பது வேறு முடிவு. அதை எடுக்க வேண்டிய நேரம் வரும்போது நீங்களே எடுக்கலாம். இப்போது வகுப்பில் மைக் வாங்கிக்கொண்டால் அந்த முடிவு கைமீறிப் போகாது. இன்னொன்றையும் அவர்களிடம் கேளுங்கள்: காது கேட்காததை மறைப்பதற்காகக் குறைந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தால், அது வேலைக்கு உதவுமா?

மறுத்தால் என்ன செய்வது? உடனே பெரிய இடத்துக்குப் போக வேண்டாம். ஏன் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போதே பலர் மனம் மாறிவிடுவார்கள். பணம்தான் காரணமென்றால், இதே பலனைத் தரும் வேறு வழி என்ன என்று கேளுங்கள். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்குபவரை அமர்த்த முடியாத இடத்தில் மைக்கும் நோட்ஸும் சேர்ந்து பாதி தூரம் கொண்டுபோகும். அப்போதும் நகரவில்லை என்றால் துறைத்தலைவர், முதல்வர், குறைதீர்க்கும் குழு என்று படிப்படியாகப் போங்கள். அதற்கும் மேலே கல்லூரிக்கு வெளியே ஒரு அமைப்பு அநேகமாக எல்லா நாட்டிலும் இருக்கிறது: இந்தியாவில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், இங்கிலாந்தில் உயர்கல்விக்கான சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகம், அமெரிக்காவில் கல்வித்துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம். அங்கே போகும் நிலை வந்தால், நீங்கள் சேர்த்துவைத்த தேதியிட்ட மின்னஞ்சல்கள்தான் உங்கள் பலம்.

ஏற்பாடு கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வாரத்தில் உட்கார்ந்து பாருங்கள். மைக்கை எந்த ஆசிரியர் மறக்கிறார், நோட்ஸ் எத்தனை நாள் கழித்து வருகிறது, எந்த ஹாலில் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது? இவற்றைப் பிரிவுக்கு எழுதுங்கள். முதல்முறையிலேயே எல்லாம் பொருந்துவது அபூர்வம், மாற்றிக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

உங்கள் ஆடியோகிராம் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள், மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான் நகரும். அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் வந்ததும் எந்த வகுப்பு எந்த ஹாலில், எது லேப், எதில் வைவா என்று எழுதி அனுப்புங்கள். எதற்கு எந்த ஏற்பாடு வேண்டும் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.